மழையே இல்லை, தக்காளி இலையில் கருகல் எப்படி வந்தது?

கேள்வி: ஐயா வணக்கம். தக்காளி நட்டு 45 நாள் ஆகிறது. இரண்டு வாரமாக மழை இல்லை, இரவில் வானமும் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் அடி இலைகளில் வட்டம் வட்டமாகக் கருகல். போனில் பார்த்தால் விடியற்காலை ஈரப்பதம் 95 சதவீதம், மதியம் 2 மணிக்கு 48. மீதித் தண்ணீர் எங்கே போனது என்று எட்டாம் வகுப்பு படிக்கிற மகள் கேட்கிறாள், எனக்கும் சொல்லத் தெரியவில்லை. காலை 6 மணிக்கே மருந்து அடிக்கிறேன், நோய் கேட்கவில்லை. வயலோர மரத்தடியில் இருக்கிற ஒரு வரிசையில் மட்டும் கருகல் குறைவு. ஏன்?

பதில்: வணக்கம். மகள் கேட்டதிலிருந்தே தொடங்குவோம், உங்கள் கருகலுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் எங்கேயும் போகவில்லை. போன் காட்டுவது ஒப்பு ஈரப்பதம். அப்போதைய சூட்டில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவி தாங்குமோ, அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்கு அது, அவ்வளவுதான். 22 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 19 கிராம் நீராவி தாங்கும், 34 டிகிரியில் கிட்டத்தட்ட 38 கிராம். காலையில் 18 கிராம் இருந்தால் 95 சதவீதம். மதியமும் அதே 18 கிராம்தான், பாத்திரம் மட்டும் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது, அதனால் 47, 48 என்று காட்டுகிறது. இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், மதியம் குறைந்துவிட்டது என்று நிம்மதியாகிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டுமே வீண்.

சரி, அந்த 18 கிராம் இரவில் என்ன செய்கிறது? நாம் ‘பனி பெய்கிறது’ என்கிறோம், ஆனால் பனித்துளி மேலேயிருந்து விழுவதே இல்லை. பொழுது சாய்ந்ததும் இலை தன் சூட்டை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும், மேகம் இருந்தால் அது கொஞ்சம் சூட்டைத் திருப்பி அனுப்பும், மேகமே இல்லாவிட்டால் போனது போனதுதான், அதனால் இலை சுற்றியுள்ள காற்றைவிடவும் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்துவிடும். அப்படிக் குளிர்ந்த இலையை ஒட்டியிருக்கிற காற்று தன்னால் தாங்க முடியாத நீராவியை அங்கேயே துளியாக விட்டுவிடுகிறது. எந்த வெப்பநிலையில் அது தொடங்குகிறதோ அதுதான் பாடப்புத்தகம் சொல்கிற பனிநிலை. நீங்கள் ‘வானம் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் கருகல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சுத்தமாக இருப்பதால்தான் கருகல். காற்றும் அசையாமல் இருந்தால் இன்னும் வசதி.

மரத்தடி வரிசைக்கும் இதுதான் காரணமாக இருக்கும். அந்தச் செடிகளுக்கு மேலே வானம் தெரிவதில்லை, கிளைதான் தெரிகிறது, சூடு அவ்வளவாக வெளியேறுவதில்லை, பனியும் குறைவு. அதற்காக நிழலில் தக்காளி நடச் சொல்லவில்லை.

மகளை வைத்து ஒன்று செய்து பாருங்கள். பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு, ஐஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்கட்டும். டம்ளரின் வெளிப்பக்கம் மங்கத் தொடங்குகிற நொடியில் என்ன டிகிரியோ அதுதான் இன்றைய பனிநிலை. உங்கள் 18 கிராம் கணக்குக்கு 21 பக்கம் வரும். மாலையில் செய்தால், இரவின் குறைந்த வெப்பநிலை அதற்குப் பக்கத்தில் வரும் என்று வானிலை சொல்கிறதா பாருங்கள், வந்தால் இலை நனையும்.

இனி கருகல். வட்டத்துக்குள் வட்டமாக, அடி இலையில் தொடங்கினால் பெரும்பாலும் ஆல்டர்னேரியா பூசணம். அதன் வித்து முளைக்க மழை வேண்டியதில்லை, இலைமேல் சில மணி நேரம் ஈரம் நின்றால் போதும். ஆக நீங்கள் எண்ண வேண்டியது சதவீதத்தை அல்ல, ஈரம் நிற்கிற மணிகளை. இரவு எப்போது நனைகிறது, காலை எத்தனை மணிக்குக் காய்கிறது, இந்த இரண்டையும் நான்கு நாள் குறித்து வையுங்கள். (இலை ஓரத்தில் மட்டும் மணி கோத்ததுபோல் துளிகள் நின்றால் அது பனி அல்ல, செடி தானே வெளியேற்றிய நீர். பனி என்றால் இலை முழுக்கப் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும்.)

மாலையில் தெளிப்பு நீர் விடுகிறீர்களா என்று எழுதவில்லை. விட்டால் முதலில் அதை நிறுத்துங்கள், பனி வருவதற்கு முன்பே நாமே நனைத்துக் கொடுத்த மாதிரி. காலையில் விடுங்கள், வேரடியில் விட்டால் இன்னும் நல்லது. மண்ணைத் தொடுகிற இலைகளையும் கருகிய இலைகளையும் கிள்ளி வயலுக்கு வெளியே கொண்டு போய் அழியுங்கள், செடியைக் குச்சியில் தூக்கிக் கட்டுங்கள், காற்று உள்ளே நுழைந்தால் ஈரம் சீக்கிரம் காயும்.

அப்புறம் அந்த 6 மணி ஸ்பிரே. இரண்டு தப்பு. ஒன்று, இலை முழுக்கத் துளி இருக்கும்போது அடித்தால் மருந்து நீர்த்து வழிந்துவிடும். இரண்டாவது பலருக்குத் தெரியாது: அந்த நேரத்தில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் இருக்கும், வழக்கத்துக்குத் தலைகீழ். மேலும் கீழும் கலக்காத அந்தக் காற்றில் பொடித்துளிகள் இறங்காமல் மிதந்து பக்கத்து வயலுக்கே போகலாம். வரப்பில் கொஞ்சம் புகை போட்டுப் பாருங்கள், மேலே ஏறிக் கலையாமல் பாய் விரித்ததுபோல் படுத்தால் ஸ்பிரேயரைத் தொடாதீர்கள். இலை காய்ந்து, இளங்காற்று அசையத் தொடங்கியதும், வெயில் ஏறுவதற்குள் அடித்து முடியுங்கள், இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, புதிதாக வருகிற இலையில் வட்டம் விழுகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, குறித்து வைத்த மணிக்கணக்கோடு மறுபடி எழுதுங்கள்.