பெருசாக்குன படத்துல எழுத்த சுத்தி வெள்ளைக் கோடு ஏன்?

கேள்வி: சார், ஒரு ஸ்கேன் படத்த பைக்யூபிக்ங்கிற முறைல நாலு மடங்கு பெருசாக்குனேன். வெளிர் சாம்பல் பின்னணில கருஞ்சாம்பல் எழுத்து. இப்ப எழுத்த சுத்தி பின்னணியவிட வெளுப்பா ஒரு கோடு தெரியுது, ஒரிஜினல்ல அந்தக் கலரே கிடையாது. சாஃப்ட்வேர் கோளாறா?

பதில்: கோளாறெல்லாம் இல்லீங்க, கணக்கே அப்படித்தான். ரெண்டு பிக்சலுக்கு நடுவுல புதுசா ஒண்ணு வேணும்னா அக்கம்பக்கத்து பிக்சல்கள்ட்ட கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக் கலக்கணும், யார்ட்ட எவ்ளோன்னு சொல்றதுதான் கெர்னல். பைக்யூபிக்ல ஒரு வரிசைக்கு நாலு பேர்ட்ட வாங்குறோம். தூரம் 1 வரைக்கும் ஒரு முப்படி பல்லுறுப்புக்கோவை, 1லேர்ந்து 2 வரைக்கும் வேற ஒண்ணு, ரெண்டும் 1ல சாய்வு மாறாம ஒட்டிக்கும், 2க்கு அப்பால சைபர். சரியா நடுப்புள்ளிக்கு எடை என்னன்னு பாத்தா -1, 9, 9, -1, மொத்தத்த 16ஆல வகுக்கணும். அந்த மைனஸ்தான் உங்க வெள்ளைக் கோடு.

பேப்பர எடுத்துப் போட்டுப் பாருங்க. 100, 100, 100, 200, 200, 200ன்னு பிக்சல் இருக்கு (எண் கூடுனா வெளுப்பு, 255 முழு வெள்ளை). முதல் ரெண்டு 200க்கு நடுவுல (-100+1800+1800-200)/16, அதாவது 206.25. அந்தப் பக்கம் கடைசி ரெண்டு 100க்கு நடுவுல 93.75. வெளுப்பு இன்னும் வெளுப்பாச்சு, கருப்பு இன்னும் கருப்பாச்சு. பளிச் வெள்ளைல எழுத்து இருந்திருந்தா 255க்கு மேல போறத வெட்டிருப்பாங்க, உங்க கண்ணுல பட்டே இருக்காது.

சரி, மைனஸே இல்லாத கெர்னல் போடலாமேன்னா, க்யூபிக் பி-ஸ்ப்லைன் இருக்கு, கோடு வராது. ஆனா பிக்சல் மேலயே நின்னு கேட்டாலும் 1/6, 4/6, 1/6ன்னு கலந்துதான் தரும், படம் மசமசன்னு ஆயிடும். அத சரிபண்ண முன்னாடியே ஒரு ஃபில்டர் ஓட்டுனீங்கன்னா ஷார்ப் வரும், கூடவே கோடும் திரும்பி வரும்! நடுவாந்திரமா 1988ல மிட்செல், நேத்ராவளி ரெண்டு பேரும் சொன்ன கெர்னல் இருக்கு, கொஞ்சம் ப்ளர் கொஞ்சம் கோடு, எழுத்துக்கு நான் அதத்தான் போடுவேன்.

கேள்வி: ஒரே படம், ஒரே அளவு, ரெண்டு லைப்ரரிலயும் பைக்யூபிக்தான், ஆனா பிக்சல் மதிப்பு ஒத்துப்போகலயே?

பதில்: பைக்யூபிக்னு ஒண்ணு இல்ல, ஒரு குடும்பமே இருக்கு. 1981ல கீஸ்ங்கிறவர் எழுதுன ஃபார்முலால ஒரு எண்ண நாமதான் வைக்கணும், அவர் -0.5 தான் சரின்னு காட்டுனார். பில்லோங்கிற லைப்ரரில -0.5, ஓப்பன்சிவிங்கிற லைப்ரரில -0.75. பின்னது பாக்க இன்னும் ஷார்ப்பா இருக்கும், ஆனா -1, 0, 1, 2ன்னு நேரா ஏறுற டேட்டாவ குடுத்து 0.25ல என்னன்னு கேட்டா 0.297ன்னு சொல்லும். -0.5 போட்டா கரெக்டா 0.25. இதுபோக படத்த சின்னதாக்குறப்ப பில்லோ கெர்னல இழுத்து அகலமாக்கிக்கும், ஓப்பன்சிவி அப்படிப் பண்ணாது, அங்க வித்தியாசம் இன்னும் பெருசா வரும்.

கேள்வி: மெடிக்கல் ஸ்கேன்ல உறுப்பு வாரியா நம்பர் போட்ட மாஸ்க் படத்துக்கும் பைக்யூபிக் ஓகேவா?

பதில்: ஐயோ வேணாம். அங்க நியரஸ்ட் மட்டும்தான், அதாவது கலக்காம கிட்டத்துல இருக்குற பிக்சல் மதிப்ப அப்படியே எடுக்குறது. பைக்யூபிக் கலக்குனா லேபிள் 1க்கும் 3க்கும் நடுவுல 2 வந்து உக்காந்துக்கும், 2 வேற உறுப்பு.