காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்காதீர்கள்: சி.எஃப். கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்கள் எல்லாமே சி.எஃப்., அதாவது நுரையீரலிலும் குடலிலும் சளி கெட்டியாகி அடைக்கிற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி மரபணு நோய் உள்ள, 18 வயது தாண்டிய பிள்ளைகளைப் பற்றி. எழுதியவர்கள் எல்லாரும் பெற்றோர். ஒரு கடிதம்கூட அந்தப் பிள்ளையே எழுதியதில்லை. அதைப் பற்றிக் கீழே ஓர் இடத்தில் கொஞ்சம் கோபமாகவே பேசியிருக்கிறேன். வழக்கம்போலப் பாதிப் பேர் எடையும் எழுதவில்லை, கடைசியாகப் பார்த்த எஃப்.இ.வி.1 அளவும் (பலமாக ஊதும்போது முதல் விநாடியில் வெளியே வருகிற மூச்சளவு) எழுதவில்லை. இந்த இரண்டும் இல்லாமல் நான் சொல்வதெல்லாம் ஜோசியம்.

தஞ்சாவூர்: மகனுக்கு 21 வயது. நேற்று காலை சளியில் ரத்தக் கோடு. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே அட்மிட் பண்ண வேண்டுமா?

முதல் தடவை என்றால், வெறும் கோடாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். அட்மிஷன் அளவைப் பொறுத்தது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. தாண்டினால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படும். ஒரே நாளில் கால் லிட்டர் பக்கம் போனாலோ, தினமும் 100 மி.லி. என்று சில நாள் தொடர்ந்தாலோ அது உயிர் போகிற விஷயம். அதுவரை அளந்துகொண்டு உட்காரச் சொல்லவில்லை. வாய் நிறைய ரத்தம் வந்தாலே கிளம்பிவிடுங்கள்.

வாஷ்பேசினில் துப்பினால் குழாய்த் தண்ணீரோடு கலந்து ஒரு சொட்டுகூட அரை டம்ளர் மாதிரித் தெரியும். வெள்ளைக் கிண்ணத்தில் துப்பச் சொல்லி, பக்கத்தில் ஒரு ஸ்பூனை வைத்துப் போட்டோ எடுங்கள். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். ரத்தம் அதிகமாக வரும்போது நெபுலைசரில் வைக்கிற ஹைப்பர்டோனிக் சலைனையும் (உப்பு அதிகமான தண்ணீர்), சளியை வெளியே எடுக்கிற நெஞ்சு பிசியோவையும் நிறுத்த வேண்டும்; கோடு அளவுக்கெல்லாம் பிசியோவை நிறுத்த வேண்டியதில்லை. வைட்டமின் கே குறைந்தாலும் ரத்தம் கசியும், அதனால் ரத்தம் உறைகிற நேரத்தைக் காட்டும் பி.டி., ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லுங்கள். நிற்காமல் வந்தால் கசிகிற ரத்தக் குழாயை அடைக்கும் எம்பொலைசேஷன் இருக்கிறது. அதைச் செய்கிற ஆஸ்பத்திரி உங்கள் பக்கத்தில் எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

ஊர் பெயர் இல்லை: மகளுக்கு 19. சளி அதிகமாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. என்ன மாத்திரை தரலாம்?

அதிகம் என்றால் எதைவிட அதிகம்? சி.எஃப். உள்ள பெண்ணுக்குச் சளி இல்லாத நாள் எது? போன மாதம் எவ்வளவு, இப்போது எவ்வளவு, நிறம் மாறியதா, கெட்டியானதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, சாப்பாடு குறைந்ததா, எடை என்ன? ஒன்றுமே எழுதாமல் மாத்திரை பெயர் மட்டும் கேட்கிறீர்கள்.

காய்ச்சல் இல்லை என்பது நல்ல செய்தி இல்லை. இந்த வயதில் பல பேருக்குக் காய்ச்சலே வராமல் நெஞ்சுத் தொற்று ஏறும். முதலில் குறைவது பசியும் தெம்பும்தான். எஃப்.இ.வி.1 அவளுடைய வழக்கமான அளவிலிருந்து 10 சதவீதம் இறங்கியிருந்தால் காத்திருக்க ஒன்றுமில்லை. சளியில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் மூன்று நாள் அசித்ரோமைசின் வாங்கிப் போடுவது கல்ச்சரைக் கெடுக்கும், கிருமியைப் பழக்கும். இவர்களுக்கு ஒரு கோர்ஸ் என்றால் இரண்டு வாரம் பக்கம். இருமலை அடக்கும் சிரப்பும் கூடாது. வெளியே வர வேண்டிய சளியை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது.

கோயம்புத்தூர்: மகன் சென்னையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், ஹாஸ்டல். நெபுலைசர் பண்ணினாயா என்று கேட்டால் "பண்ணிட்டேன்" என்று போனை வைத்துவிடுகிறான். போன மாதம் ரத்தம் வந்ததே நாலு நாள் கழித்து ரூம்மேட் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வார்டனிடம் சொல்லிக் கண்காணிக்கச் சொல்லலாமா? அவனுக்குத் தெரியாமல் நாங்கள் டாக்டரைப் பார்த்துப் பேசலாமா?

கூடாது. இரண்டுமே கூடாது.

ஐயா, என் ஓ.பி.யில் இது வாராவாரம் நடக்கிறது. 23 வயதுப் பையன் முன்னால் உட்கார்ந்திருப்பான். "சளி எப்படிப்பா இருக்கு?" என்று அவனைக் கேட்பேன். "மஞ்சளா வருது டாக்டர், காலையில மட்டும் கொஞ்சம் பச்சை" என்று அம்மா சொல்வார். மோஷன் எத்தனை தடவை என்று அவனைக் கேட்டால் அப்பா சொல்வார். பையன் போனைத் தடவிக்கொண்டிருப்பான். பத்து நிமிஷம் வெளியே உட்காருங்கள் என்று பெற்றோரை அனுப்பினால்தான் உண்மை வரும். நெபுலைசர் சத்தத்துக்கு ரூம்மேட் முகம் சுளிக்கிறான் என்று அது அலமாரியிலேயே கிடக்கிறது. மெஸ்ஸில் நாலு பேர் "என்ன மாத்திரை?" என்று கேட்பதால், சாப்பாடு செரிக்க வேண்டிய என்சைமை விழுங்குவதில்லை. கிளாஸில் இருமலை அடக்கி அடக்கி நெஞ்சு வலிக்கிறது. சில பேர் சிகரெட்டும் பிடிக்கிறார்கள்.

ரத்தத்தை ஏன் மறைக்கிறான்? போன தடவை சொன்னபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அம்மா அழுதிருப்பார், பாட்டி வரை போன் போயிருக்கும், ராத்திரி பஸ்ஸில் நீங்கள் வந்து நின்றிருப்பீர்கள், பரீட்சையை விட்டுவிட்டு அவன் ஊருக்கு வந்திருப்பான். சொன்னால் வீட்டில் ஒப்பாரி, சொல்லாவிட்டால் நிம்மதி என்றால் 20 வயதில் எவனும் சொல்ல மாட்டான்.

அவனோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போடுங்கள். மூன்று விஷயம் அன்றைக்கே சொல்ல வேண்டும்: ரத்தம்; திடீரென்று ஒரு பக்க நெஞ்சுவலியும் மூச்சுத் திணறலும்; வாந்தியோடு மோஷன் நின்றுபோவது. நடுவில் சொன்னது நுரையீரலிலிருந்து காற்று வெளியே கசிகிற நியூமோதோராக்ஸாக இருக்கலாம், அந்த மணி நேரத்திலேயே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அவனுக்கும் டாக்டருக்கும் நடுவில். அவன் சொல்லும்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "டாக்டர்கிட்ட பேசிட்டியா?" அழுவதென்றால் போனை வைத்த பிறகு அழுங்கள்.

ஃபைல் அவனிடம் இருக்கட்டும், கல்ச்சர் ரிப்போர்ட் அவன் போனில் இருக்கட்டும். கம்ப்ரஸர் சத்தம்தான் பிரச்சினை என்றால் மெஷ் நெபுலைசர் வாங்கிக் கொடுங்கள். சத்தம் குறைவு, சீக்கிரமும் முடியும். எந்த மருந்தை அதில் போடலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வார்டனுக்கு, மகன் சம்மதித்தால், அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அவன் முதுகுக்குப் பின்னால் என்னைப் பார்க்க வருகிற பெற்றோரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். உங்கள் டாக்டரும் அதைத்தான் செய்ய வேண்டும்.

திருநெல்வேலி: ஏப்ரலிலிருந்து மகளுக்குத் தலைசுற்றல், கெண்டைக்கால் இழுப்பு, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். பி.பி. குறைவு, ஜூஸ் கொடுங்கள் என்றார்கள். எனக்கு பிரஷர் இருப்பதால் வீட்டில் உப்புக் குறைத்த சமையல்தான்.

உங்கள் பிரஷருக்கு அவள் ஏன் உப்பில்லாமல் சாப்பிட வேண்டும்? வியர்வையில் உப்பு கொட்டுவதுதான் இந்த நோயின் அடையாளமே. 1940களின் கடைசியில் நியூயார்க்கில் வெயில் கொளுத்தியபோது மயங்கி வந்த குழந்தைகளில் சி.எஃப். குழந்தைகள் தனியாகத் தெரிந்தார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் 1953இல் டாக்டர் டி சான்ட்'அக்னெஸ் இவர்கள் வியர்வையில் உப்பு அதிகம் என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் நாம் செய்கிற வியர்வைப் பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான். நியூயார்க் வெயிலுக்கே அப்படி என்றால் திருநெல்வேலி அக்னி நட்சத்திரத்துக்கு?

இன்றைக்கே சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் பாருங்கள். பொட்டாசியம் இறங்கியிருந்தால் டிரிப்ஸ் தேவைப்படலாம். வெறும் தண்ணீரும் ஜூஸும் இருக்கிற உப்பையும் நீர்த்துப்போகச் செய்யும். ஓ.ஆர்.எஸ். என்றால் பாக்கெட் தூள், அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில். அட்டைப் பெட்டியில் ஆரஞ்சுச் சுவையில் வருகிற சர்க்கரைத் தண்ணீர் இல்லை. ஊறுகாய், உப்பு போட்ட மோர், அப்பளம் எல்லாம் அவளுக்குத் தாராளமாக. அப்புறம், எடை எழுதவில்லை.

சேலம்: 22 வயது மகன் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைந்துவிட்டான். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) நார்மல். சர்க்கரை நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. எடை எழுதியதற்கு நன்றி. சி.எஃப்.பில் ஹெச்பிஏ1சி நார்மலாகவே காட்டி ஏமாற்றும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் பார்க்கிற டெஸ்ட்தான் வேண்டும், 10 வயதிலிருந்து வருடம் ஒரு தடவை. பெரியவர்களில் பாதிப் பேர் வரை இதில் மாட்டுகிறார்கள். எடையும் மூச்சளவும் இறங்கிய பிறகுதான் சர்க்கரை வெளியே தெரியும். வந்தால் மருந்து இன்சுலின். பக்கத்து வீட்டு மாமா சொல்கிற பத்தியம் இல்லை. நெய்யையும் சோற்றையும் குறைத்தால் இன்னும் 4 கிலோ போகும்.

மதுரை: வலது அடிவயிற்றில் வலி, தடவினால் உருண்டையாகத் தெரிகிறது, இரண்டு நாளாக மோஷன் இல்லை. அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் என்கிறார்கள்.

கத்தி வைப்பதற்கு முன் சர்ஜனிடம் "சி.எஃப்." என்ற வார்த்தையைச் சொன்னீர்களா? சிறுகுடல் முடிகிற இடத்தில் கெட்டியான மலம் அடைத்துக்கொள்வது இவர்களுக்கு வருகிற தனிக் கோளாறு, டயாஸ் என்போம். இடமும் அதே இடம், வலியும் அதே வலி. ஸ்கேனைச் சி.எஃப். தெரிந்தவர் பார்க்க வேண்டும். அடைப்பு முழுசாக இல்லை என்றால் குடலைக் கழுவி இறக்குகிற பி.இ.ஜி. கரைசலிலேயே பெரும்பாலும் கரையும், அதையும் ஆஸ்பத்திரியில் வைத்து. பச்சை வாந்தி, வயிறு உப்பல் என்றால் வீட்டில் ஒன்றும் குடிக்கக் கொடுக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். சரியான பிறகு என்சைம் தவறவிட்டானா, தண்ணீர் குறைந்ததா என்று பாருங்கள். என்சைம் கேப்ஸ்யூலைப் பைக் டிக்கியில் வைக்கிறானா என்றும் கேளுங்கள். வெயிலில் அது வீரியம் இழக்கும்.

திருவண்ணாமலை: எக்ஸ்ரேயில் திட்டு என்று டி.பி. மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். தொடரலாமா?

சளியில் டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடுகிற சி.பி.நாட் பார்த்தார்களா? நம் நாட்டில் சி.எஃப். உள்ளவருக்கும் டி.பி. வரும், அதனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவர்கள் எக்ஸ்ரேயில் திட்டு எப்போதும் இருக்கும். பழைய படத்தோடு ஒப்பிடாமல் பேசுவது வீண். சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கிருமி தெரிந்தாலும் அது டி.பி. இனத்தைச் சேர்ந்த வேறு மைக்கோபாக்டீரியாவாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. பழுப்பு நிறக் கட்டிகளாகச் சளி வந்தால் ரத்தத்தில் அலர்ஜியைக் காட்டும் ஐ.ஜி.இ. பார்த்து, ஏ.பி.பி.ஏ.வா (ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையால் வருகிற நுரையீரல் அலர்ஜி) என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வாரமே சி.எஃப். பார்க்கிற மருத்துவமனைக்குப் போங்கள்.

டொரண்டோ: சி.எஃப்.பின் மூலக் கோளாறையே சரிசெய்கிற டிரிகாஃப்டா மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மகனுக்கு இருமலே இல்லை. ஆனால் தூக்கம் இல்லை, எரிந்து விழுகிறான், ரூமை விட்டு வருவதில்லை. நெபுலைசரையும் நிறுத்திவிட்டான்.

மனநிலை மாற்றம் அந்த மருந்தில் பதிவாகியிருக்கிற ஒன்று. வயசுக் கோளாறு என்று தள்ளாதீர்கள். அவனையே கிளினிக்குக்குச் சொல்லச் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்கிற பேச்சு வந்தால் அன்றைக்கே. அளவையும் நேரத்தையும் மாற்ற அவர்களுக்கு வழி இருக்கிறது, நீங்களாக நிறுத்தக் கூடாது. நெபுலைசர் விஷயத்தில் அவன் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு: மூச்சளவு நன்றாக இருக்கிறவர்கள் ஹைப்பர்டோனிக் சலைனையோ, சளியை இளக்குகிற டார்னேஸையோ 6 வாரம் நிறுத்தியபோது பெரிய இறக்கம் இல்லை என்று ஆய்வு வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் டாக்டர் கண்காணிப்பில் நிறுத்தினார்கள்.

நாமக்கல்: டிரிகாஃப்டா மாத்திரையை நாம் வாங்க முடியுமா?

அமெரிக்க விலை வருடத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். அர்ஜென்டினாவில் ஓர் உள்ளூர் நிறுவனம் குறைந்த விலைக்குத் தயாரிக்கிறது. முதலில் மரபணுப் பரிசோதனை பண்ணுங்கள். ஐரோப்பியர்களுக்கு அதிகமாக உள்ள எஃப்508டெல் என்ற மரபணு மாற்றம் நம் ஆட்களிடம் அந்த அளவுக்கு இல்லை, எல்லா மாற்றத்துக்கும் இந்த மாத்திரை கேட்காது. வாட்ஸ்அப்பில் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

காரைக்குடி: மகளுக்கு 24. அத்தை மகனுக்குப் பேசுகிறோம். நோயைச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், அதையும் அவளே சொல்ல வேண்டும். நோய் இல்லாமலே அந்த மரபணு மாற்றத்தைச் சுமக்கிறானா என்று பார்க்கிற கேரியர் டெஸ்ட் பையனுக்கு எடுங்கள், சொந்தம் என்றால் கட்டாயம். அவளுக்குக் கர்ப்பம் தரிக்காது என்று யாரோ சொன்னதை நம்பாதீர்கள், தரிக்கும்.

திருச்சி: எங்கள் மகனும் இன்னொரு சி.எஃப். பையனும் நல்ல சிநேகிதர்கள். இரண்டு குடும்பமும் சேர்ந்து வேனில் கொடைக்கானல் போகலாமா?

கூடாது. ஒருவருடைய கிருமி இன்னொருவருக்குப் போனால் இரண்டு பேருக்கும் கஷ்டம். வெட்ட வெளியிலேயே 6 அடி தள்ளி இருக்கச் சொல்கிறோம், நீங்கள் ஒரே வேன் என்கிறீர்கள். பெற்றோர் நாலு பேரும் போய்விட்டு வாருங்கள். பையன்கள் வீட்டிலிருந்து வீடியோ கால் பேசிக்கொள்ளட்டும், இரண்டு நாள் உங்கள் தொல்லை இல்லாமல்.