சூலூரில் வெளிநாட்டு விமானம் இறங்கினால் மண் கைமாறுகிறதா?

கேள்வி: 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் போர் விமானங்கள் சூலூரில் இறங்கின. அமெரிக்காவோடும் 2016-ல் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். இது அந்நியத் தளத்துக்கு வழிவிடுகிறதா? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
(வாசகர், காங்கயம்பாளையம்)

பதில்: இல்லைங்க. சூலூருக்கு வந்தவர்கள் 'தரங் சக்தி' கூட்டுப் பயிற்சிக்கு வந்தார்கள், முடிந்ததும் போய்விட்டார்கள். தளம் இந்திய விமானப்படையுடையது. 2016-ன் 'லெமோவா' எரிபொருள், உதிரிபாகம், பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கொடுத்து வாங்கிக் கணக்குத் தீர்க்கும் ஏற்பாடு. தளம் அமைக்க அதில் இடமில்லை.

எந்தத் தள ஒப்பந்தம் கையில் கிடைத்தாலும் முதலில் அது எப்படி முடியும் என்ற பிரிவைத் தேடுங்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விடும்போது எத்தனை வருஷம், யார் சொன்னால் காலி செய்யணும் என்றுதானே கேட்போம்! கியூபா மண்ணில் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கும் குவான்டனாமோவில் கியூபா ஏமாந்தது அங்கேதான். 1903 பத்திரம் இறுதி இறையாண்மையைக் கியூபாவுக்கும் முழு அதிகாரத்தை அமெரிக்காவுக்கும் எழுதியது. 1934 ஒப்பந்தப்படி குத்தகை முடிய இருவரும் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் அமெரிக்காவே விட்டுப் போக வேண்டும். காலக்கெடு கிடையாது. ஆண்டு வாடகை 4,085 டாலர். அந்தக் காசோலைகளைக் கியூபா பல பத்தாண்டுகளாக மாற்றாமல் வைத்திருந்தும் நிலம் திரும்பவில்லை.

பிலிப்பைன்ஸும் 1947-ல் அமெரிக்காவுக்குத் தளங்களை 99 ஆண்டுக்கு எழுதிக் கொடுத்ததுதான். 1966-ல் அதை 1991-ல் முடியும்படி குறைத்தார்கள். அந்தத் திருத்தம்தான் கைகொடுத்தது. 1991 செப்டம்பர் 16-ல் புது ஒப்பந்தத்தை செனட் 12-க்கு 11 என நிராகரிக்க, 1992 நவம்பரில் சூபிக் விரிகுடாவிலிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளம் காலியானது. மண்ணில் விட்டுப்போன நச்சுக் கழிவை அகற்றும் பொறுப்பைத்தான் எழுதி வாங்கவில்லை. நொய்யலில் சாயக்கழிவைப் பார்த்த நமக்கு அதன் விலை தெரியும்.

அடுத்து, வழக்கு யார் கையில்? ஜப்பானில் இருக்கும் அமெரிக்கப் படைகள் பற்றிய 1960 ஒப்பந்தத்தில் 17-ஆம் பிரிவைப் பாருங்கள். பணியின்போது நடந்த குற்றத்தை விசாரிக்க அமெரிக்காவுக்கே முதல் உரிமை. மற்றதில் ஜப்பானுக்கு முதல் உரிமை என்றாலும், ஆள் அமெரிக்கர் பிடியில் இருந்தால் குற்றச்சாட்டு பதிவாகும்வரை அங்கேயே இருக்கலாம். 1995-ல் ஒகினாவாவில் மூன்று அமெரிக்கப் படைவீரர்கள் ஒரு சிறுமியைச் சீரழித்தபோது மக்கள் கொதித்தெழுந்தது இதனால்தான். அதன்பிறகு கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் முன்கூட்டியே ஒப்படைப்பதைப் 'பரிவோடு பரிசீலிப்போம்' என்றார்கள். பிரிவின் வாசகம் அப்படியேதான் இருக்கிறது.

கடைசியாக, வாசல். பிலிப்பைன்ஸ் 2014-ல் அமெரிக்கப் படைக்கு மறுபடி இடம் கொடுத்தபோது, தன் அதிகாரி வளாகம் முழுதும் போகலாம் என்று எழுதி வாங்கியது. கூடவே 'பாதுகாப்புத் தேவைகளுக்கு இசைந்து' என்றொரு வால் ஒட்டியிருக்கிறது. அந்த வால் எங்கே தென்பட்டாலும் அடிக்கோடிட்டு, எது பாதுகாப்புத் தேவை என்று முடிவு செய்வது யார் என்று கேளுங்கள்.