பந்திவிசாரணை ஊழியமா?

அன்புள்ள ஐயா,

திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை. எங்களுடையது சின்ன பெந்தெகொஸ்தே சபை, தகர ஷெட்டில் நடக்கிறது. இரண்டு வருடமாக நாங்கள் வாலிபர்கள் சேர்ந்து மாதம் இரண்டு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போய் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறோம். கூட ஆள் இல்லாத நோயாளிகளுக்கு வெந்நீர் வாங்கித் தருவோம், சீட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்போம். பதினோரு பேராக ஆரம்பித்தோம், இப்போது நாலு பேர். அதில் ஒருவனுக்கு வண்டி கிடையாது.

போன மாதம் பாஸ்டர் கூப்பிட்டு, "நல்ல காரியம்தான் பிரதர். ஆனா இது சமூக சேவை, இதை யார் வேணாலும் செய்வாங்க. ஊழியம்னா ஆத்தும ஆதாயம், ஜனங்களை இயேசுகிட்ட கொண்டுவர்றது. அதுக்கு ஆவியானவரோட அபிஷேகம் வேணும். முதல்ல உபவாசத்துல உட்கார்ந்து ஆவியில நிறைங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அப்பா குடியை விட்டது அவருடைய ஜெபத்தால்தான். ஆனால் அன்றிலிருந்து மனசு சரியில்லை. நான் செய்வது ஊழியமா, இல்லையா? விட்டுவிடலாமா? (பெயர் போட வேண்டாம்.)

---

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் பாஸ்டர் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். ஆவியில் நிறையுங்கள் என்றாரே, அது. மீதிப் பாதிக்கு அவர் கையில் இருக்கும் வேதாகமத்தையே திறக்க வேண்டியிருக்கிறது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம். எருசலேம் சபையில் தினமும் விதவைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள், அதில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள், அவர்கள் பக்கத்து ஆட்கள் முறுமுறுக்கிறார்கள். அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரும் சபையைக் கூட்டி, நாங்கள் வசனத்தை விட்டுவிட்டுப் பந்திவிசாரணை பார்க்க முடியாது, அதற்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுங்கள் என்கிறார்கள். அந்த ஏழு பேருக்கு என்ன தகுதி? கணக்குத் தெரிந்தவர்களா, கடை வைத்திருப்பவர்களா, சமையல் தெரிந்தவர்களா? "பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து, நற்சாட்சிபெற்றிருக்கிற ஏழுபேரை." பந்தி பார்க்க! நம் ஊர்க் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "மாமா, உங்களுக்கு ரசம் வந்துச்சா" என்று இலை இலையாகக் கேட்டுக்கொண்டு போவாரே ஒருத்தர், அந்த வேலைக்கு.

அந்த அதிகாரத்தில் இன்னொரு விஷயம், நம் தமிழ் வேதாகமத்தை மட்டும் வாசித்தால் கண்ணில் படாது. விதவைகளுக்கான "அன்றாட விசாரணை" என்று 1-ஆம் வசனத்தில் வருகிறது. "தேவவசனத்தைப் போதிக்கிற ஊழியம்" என்று 4-ஆம் வசனத்தில் வருகிறது. மூலக் கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான், தியாகோனியா. சோறு கொடுப்பதும் தியாகோனியா, வசனம் கொடுப்பதும் தியாகோனியா. தமிழுக்கு வரும்போது ஒன்று விசாரணை ஆகிவிட்டது, இன்னொன்று ஊழியம் ஆகிவிட்டது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை, பந்திவிசாரணை என்பது என்ன அருமையான சொல்! ஆனால் உங்கள் பாஸ்டர் போட்ட கோடு அந்த இடைவெளியில் போட்டது.

ஊழியம் என்ற சொல்லே எங்கிருந்து எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்களிடம் கூலி இல்லாமல் கட்டாயமாக வாங்கிய வேலைக்குப் பெயர் ஊழியம். அப்படிப்பட்ட சொல்லைத்தான் சபை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு ஊழியர் என்றால் ஃபிளெக்ஸ் போர்டில் கோட் போட்டுக்கொண்டு கையை உயர்த்தி நிற்கிறார். (எல்லாரையும் சொல்லவில்லை. தகர ஷெட்டில் வேர்த்து விறுவிறுத்து நிற்கும் உங்கள் பாஸ்டரைச் சொல்லவே இல்லை.)

"யார் வேணாலும் செய்வாங்க" என்பதற்கு வருகிறேன். ஆமாம், செய்வார்கள், அதற்கென்ன? சித்திரை மாதம் அழகர் வரும்போது தல்லாகுளத்திலிருந்து ஆறு வரைக்கும் நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர்கள் யாரிடமும் அபிஷேகச் சான்றிதழ் வாங்கவில்லை. டாக்டர் வெங்கடசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே கண் ஆபரேஷன் செய்யப் பழகி, பணி ஓய்வுக்குப் பிறகு 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் அரவிந்தரை வழிகாட்டியாகக் கொண்டவர், கிறிஸ்தவர் இல்லை. அவரிடம் ஆவியானவர் வேலை செய்யவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது, "காற்றானது தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது" என்று யோவானில் படித்துவிட்டு எப்படிச் சொல்வது. மற்றவர்களால் முடியாததைச் செய்தால்தான் ஆவியின் வேலை என்று எங்கே இருக்கிறது? யாத்திராகமம் 31-இல் தேவ ஆவியால் நிரப்பப்பட்ட பெசலெயேல் யார்? ஆசாரி. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் என்று எல்லா வேலையும் தெரிந்தவர். தச்சு வேலையும் யார் வேண்டுமானாலும் செய்வதுதானே.

அப்படியானால் ஆவி எதற்கு என்று கேட்பீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, விடுபட்ட இலை கண்ணுக்குத் தெரிவதற்கு. அந்த ஏழு பேரின் பெயர்களை வாசித்துப் பாருங்கள், ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்து விதவைகளுக்குச் சோறு போகவில்லையோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். நம் ஊர்ச் சபைகளில் இதை நினைத்துப் பார்க்க முடிகிறதா? 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் 1840-களில் தன் உபதேசியார்களிடம் சாதியை விட்டதற்கு அடையாளமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சொன்னபோது, வேலை போனாலும் பரவாயில்லை என்று எழுந்து போனவர்கள் பலர். வசனம் அவர்களுக்குத் தெரியாததா? வசனம் சொல்லிக்கொடுப்பதுதான் அவர்கள் வேலையே. பந்தியில்தான் மாட்டிக்கொண்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அது தீராததால்தான் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய, பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதை இறையியலாகவே பேச வேண்டியிருந்தது.

இன்னொன்று, நின்று நிலைப்பதற்கு. பதினோரு பேர் நாலு பேரானதை வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எங்கும் அப்படித்தான் தம்பி. முதல் மாதம் எல்லாரும் வருவார்கள், வாட்ஸப்பில் போட்டோ போகும். ஏழாவது மாதம் மழை பெய்யும், அன்றைக்குத் தெரியும். டாக்டர் தரியனும் ஜேக்கப் செரியனும் 1955-இல் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் ஆஸ்பத்திரியைத் தொடங்கியபோது அது பெரிய ஊர் இல்லை. படித்த படிப்புக்கு எங்கேயும் போயிருக்கலாம். எழுபது வருடம் ஆகிறது, பழனி போகிற வழியில் அது இன்றும் இருக்கிறது. ஆவியில் நிறைந்ததற்கு அடையாளமாக அந்நிய பாஷை பேசுவதை நான் கேலி செய்கிறவன் இல்லை, ஆனால் ஒரு மனுஷன் பத்து வருடம் கழித்தும் அதே வார்டில், அதே நாற்றத்தில், முகம் சுளிக்காமல் நிற்கிறான் என்றால் அதைவிடப் பெரிய அடையாளம் எனக்குத் தெரியாது.

என் அம்மா படுத்த படுக்கையாக ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்து வார்டுக்கு ஓர் அக்கா வருவார். கட்டட வேலை பார்க்கிறவர், சாயங்காலம் கையில் சிமெண்ட் வெடிப்போடு அப்படியே வருவார். ஆள் இல்லாத கிழவிகளுக்குத் தலை வாரிவிடுவார், அவ்வளவுதான். சாமி பேச்சே கிடையாது. எந்தச் சபை அக்கா என்று கேட்டேன், ஏதோ ஒரு தெருச் சபையின் பெயர் சொன்னார். "ஏன்க்கா தலை வாருறீங்க" என்றதற்கு, "சோறு யாராச்சும் குடுத்துர்றாக, தலைய யாரும் தொடுறதில்லயே தம்பி" என்றார். விடுபட்ட இலை என்றேனே, அதை அவர் பார்த்திருந்தார்.

இனி கொஞ்சம் திட்டு. பொட்டலம் கொடுக்குமுன் வார்டில் கையைக் கட்டி நிற்கவைத்து ஜெபம் பண்ணுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பண்ணினால் நிறுத்திவிடுங்கள். பசியோடு இருக்கிறவர் ஆமென் சொல்வதை ஆத்தும ஆதாயக் கணக்கில் எழுத முடியாது. யாராவது "எனக்காக வேண்டிக்கங்க" என்று கேட்டால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் போடாமல், அவருக்காக வேண்டுங்கள்.

அப்புறம் நிர்வாகம். எனக்கு இருபத்திரண்டு வயதில் நாங்களும் ஒரு வாலிபர் கூட்டமாகச் சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உற்சாகத்தில் எல்லாக் கட்டிலிலும் ஒரு பொட்டலம். மறுநாள் காலை ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய ஒருவர், காலைக்கு ஆகும் என்று அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்து விடிந்ததும் சாப்பிட்டுவிட்டார். ஆபரேஷன் தள்ளிப்போனது. நர்ஸம்மா எங்களைக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. கட்டிலில் மாட்டியிருந்த அட்டையை ஒருத்தராவது பார்த்தோமா? அன்றைக்கு நாங்கள் மூன்று மணி நேரம் ஜெபித்துவிட்டுத்தான் போயிருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1 கொரிந்தியர் 12:28-இல் குணமாக்கும் வரங்களுக்கு அடுத்து, பாஷைகளுக்கு முன்னால், "ஊழியங்களையும், ஆளுகைகளையும்" என்று இருக்கிறது. அந்த ஊழியங்கள் என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது உதவி செய்வது, ஆளுகை என்ற இடத்தில் இருப்பது கப்பலைச் செலுத்துவது போல நடத்திச் செல்வது. கட்டில் எண் போட்டு, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்பு கூடாது, யாருக்கு நாளைக்கு ஆபரேஷன் என்று நர்ஸிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போவதும் ஆவியின் வரம்தான். உங்கள் நாலு பேரில் அந்த வரம் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள், ஜெபத்தில் சத்தமே வராத பையனாக இருப்பான்.

சபையை விட்டு வர வேண்டாம். அப்பாவைக் குடியிலிருந்து மீட்ட மனிதர், அவருக்கும் வேறு ஒரு பந்தி. அவர் சொன்ன உபவாசத்திலும் உட்காருங்கள், நல்லதுதான். முடிந்தால் ஒரு ஞாயிறு அவரையும் வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பேச வேண்டாம், கையில் வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இருபது லிட்டர் எவர்சில்வர் தூக்கு ஒன்று சும்மா கிடக்கிறது. பொட்டலமாக இல்லாமல் கஞ்சியாகக் கொண்டுபோனால் வயசானவர்களுக்குச் சுலபமாக இருக்கும். மூடி கொஞ்சம் நெளிந்திருக்கும், சுத்தியால் தட்டினால் சரியாகிவிடும். பசுமலைப் பக்கம் வரும்போது மின்னஞ்சல் போட்டுவிட்டு வாருங்கள், வண்டி இல்லாத அந்தப் பையனையும் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு. தூக்கைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.