கல்லறைச் சுவருக்குக் கொடுத்த மனு

கேள்வி: எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டுப் பக்கம். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். என் அண்ணன் மகனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருக்கிறான், வேலைக்கும் போகிறான். ஆனால் அந்த மாத்திரைக்கு இரண்டு பஸ் மாறி பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அண்ணனுக்கு ஒருநாள் கூலி போய்விடுகிறது. பக்கத்திலுள்ள சமுதாய சுகாதார நிலையத்தில் கேட்டால் பாதி நாள் "இருப்பு இல்லை". சபை சார்பில் கலெக்டருக்கு மனு கொடுக்கலாமே என்று சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) சொன்னேன். "சபை ஜெபிக்கத்தான் இருக்கு, அரசியல் பண்ண இல்லை" என்றார் ஒருவர். "இது பிசாசின் கட்டு" என்றார் இன்னொருவர். போன வருஷம் கல்லறைத் தோட்டச் சுற்றுச்சுவருக்கு மனு கொடுத்தபோது முன்னால் நின்றவர்கள் இவர்கள்தான். நான் கேட்டது தப்பா?

பதில்: அன்புச் சகோதரி, தப்பே இல்லை. செத்தவர்களுக்குச் சுவர் கேட்கலாம், உயிரோடு இருக்கிறவனுக்கு மாத்திரை கேட்கக்கூடாதா என்று உங்கள் நாக்கு நுனியில் ஒரு கேள்வி நிற்பது தெரிகிறது. அதைக் கமிட்டியில் கேட்டுவிடாதீர்கள். நானும் சபை விருந்தான அசனச் சோறு தின்று வளர்ந்தவள்தான். நாலு பேர் முன்னால் மடக்கப்பட்ட கமிட்டிக்காரர் அதைப் பத்து வருஷம் ஆனாலும் மறக்க மாட்டார்.

முதலில் சேகரகுருவை, அதாவது உங்கள் போதகர் ஐயரை, தனியாகப் போய்ப் பாருங்கள். உடல் முடங்கிய திமிர்வாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் சுமந்துவந்த வேதாகமக் கதையை நினைவுபடுத்துங்கள். கூட்டத்தில் வழி கிடைக்கவில்லை என்றதும் வீட்டுக் கூரையையே பிரித்து இறக்கினார்கள். அந்த நாலு பேரை வைத்து ஐயர் ஒரு ஞாயிறு பிரசங்கம் பண்ணினாலே பாதி வேலை முடிந்தது. 'பிசாசு' என்றவரிடம் வேத வசனத்தோடு மல்லுக்கட்டப் போகாதீர்கள், அது விடிய விடிய நடக்கும். வேண்டுமானால் இதை மட்டும் சொல்லுங்கள்: வேலூர் சி.எம்.சி., கிறிஸ்தவர்கள் கட்டிய ஆஸ்பத்திரி. வேலூரை ஒட்டிய பாகாயத்தில் 1957 முதல் அவர்கள் மனநல மருத்துவமனை நடத்துகிறார்கள். நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஜெபமும் உண்டு, மருந்தும் உண்டு.

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியையும் சொல்லலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. பிற்பாடு அதே ஏர்வாடி தர்காவில் 'தவா-துவா' என்று மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்த திட்டம் வந்தது. துவா கேட்க வருகிறவர் டாக்டரையும் பார்க்கலாம். திருச்சிப் பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலிலும் மனநல மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. தர்காவும் கோயிலும் இடம் கொடுத்திருக்கும்போது நம் சபைக்கு என்ன தயக்கம்?

இனி மனு. "மனநோயாளிகளுக்கு உதவ வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது கட்டோடு கட்டாகக் கிடக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டத்தில் 18-ஆவது பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரமும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது அது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை இல்லை. எந்த மாத்திரை, எந்தெந்தத் தேதியில் இல்லை என்றார்கள் என்பதை அண்ணனிடம் கேட்டு நோட்டில் குறித்துவையுங்கள். தேதி உள்ள மனுவுக்குத் தனி மரியாதை. மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் மாதம் ஒருநாளாவது உங்கள் பகுதிக்கு வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 2021 முதல் வீடு தேடி மாத்திரை வருகிறது. இவர்களுக்கு ஏன் இரண்டு பஸ் என்று கேட்டால் பதில் சொல்ல அதிகாரிகள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

கையெழுத்து சபையாரோடு நிற்க வேண்டாம். கோயில் கமிட்டி, பள்ளிவாசல் ஜமாத், நூறுநாள் வேலைப் பெண்கள் என்று எல்லோரிடமும் போங்கள். இந்த நோய் எந்த வீட்டிலும் ஞானஸ்நானச் சீட்டு கேட்டுக்கொண்டு நுழைவதில்லை. அரசியல் என்கிற பேச்சும் அதோடு அடங்கும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் இதையே தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள்.

ஒரு காரியம் மட்டும் கலெக்டர் கையில் இல்லை, உங்கள் சபையின் கையில் இருக்கிறது. சாட்சி நேரத்தில் யாராவது எழுந்து, "மாத்திரையை நிறுத்தினேன், கர்த்தர் சுகம் தந்தார்" என்பார். கேட்டுக்கொண்டிருக்கிற உங்கள் மருமகனும் அன்று இரவே மாத்திரையைத் தூக்கி எறியலாம். மனச்சிதைவுக்கான மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி வருவது சாதாரணம். டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்தக்கூடாது என்று ஆராதனையில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கிற நேரத்திலேயே ஐயர் ஒரு வார்த்தை சொல்லட்டும். கூடவே 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையும் வாசிக்கட்டும்.

பையனின் பெயரை மனுவில் எழுதாதீர்கள். ஊருக்கே தெரியும் என்றாலும் காகிதத்தில் வேண்டாம். இதையெல்லாம் தொடங்குமுன் அவனிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லையே. உட்காரவைத்துப் பேசுங்கள். சம்மதித்தால் அவனே வந்து மனு கொடுக்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், மற்றவர்கள் கொடுக்கலாம். அப்படியே கையிருப்பு மாத்திரை எத்தனை நாளைக்கு வரும் என்றும் எண்ணிப் பாருங்கள். மனுவுக்குப் பதில் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்த இரண்டு பஸ் செலவைச் சங்கத்துக் காணிக்கையிலிருந்து கொடுக்க கமிட்டியைக் கேட்கத் தேவையில்லை, செயலாளர் நீங்கள்தானே.