சுவரைத் தொட்டுப் பார்த்தீர்களா?

வாசகர் கேள்விகள்: சுவரும் படமும்

கேள்வி: ஐயா, எங்கள் கூடத்தில் விறகு எரிக்கும் கணப்படுப்பு இருக்கிறது. அதன் மேல் பலகை ஐந்து அடி அகலம், தரையிலிருந்து நாலேகால் அடி உயரம். பலகைக்கு மேலே கூரை வரை நாலரை அடிக்கு வெறும் வெள்ளைச் சுவர். மூன்று வருடமாக அந்த இடம் என்னைப் படுத்துகிறது. சின்னச் சின்னப் படங்களாக ஏழு மாட்டினேன். கண்ணுக்கு ஒட்டவே இல்லை, கழற்றிவிட்டேன். என் அம்மா கையால் பூவேலை செய்த துணி ஒன்று இருக்கிறது, 14க்கு 10 அங்குலம். அம்மா இப்போது இல்லை. அதைப் பிரேம் போட்டு அங்கே மாட்ட ஆசை. கணவர் டிவியை மாட்டிவிடலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மாவின் துணியை அங்கே மாட்டாதீர்கள், அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

முப்பது வருடமாகப் படங்களுக்குச் சட்டம் போட்டு, வீடு வீடாகப் போய் மாட்டிக்கொடுப்பதுதான் என் தொழில். அப்படியிருந்தும் என் வீட்டிலேயே இந்தத் தப்பைச் செய்தேன். என் அப்பா நீர்வண்ணத்தில் ஒரு ஆற்றங்கரை வரைந்திருந்தார். கூடத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது என்று கணப்புக்கு மேலே மாட்டினேன். ஐந்து குளிர்காலம் அங்கே இருந்தது. சுவருக்கு வண்ணம் அடிக்கக் கழற்றியபோதுதான் பார்த்தேன். படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெள்ளை, சுற்றிலும் சுவர் மங்கிச் சாம்பல் பூத்திருந்தது. பின்பக்கம் ஒட்டியிருந்த காகித டேப் காய்ந்த சருகு மாதிரி கையோடு உரிந்து வந்தது. அந்த இடுக்கு வழியாகக் கரித்தூள் உள்ளே போய், கண்ணாடிக்கு உட்புறம் கீழ் விளிம்பில் கோடு கட்டியிருந்தது. காகிதம் அலை அலையாக நெளிந்திருந்தது. ஆற்றுத் தண்ணீர் நெளிவதுபோலவே இருந்தது என்று என் மகள் சொன்னாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

காரணம் சிக்கலானது ஒன்றும் இல்லை. நெருப்பு எரியும்போது அந்தச் சுவர் சூடாகி, பக்கத்துக் காற்று உலர்ந்துபோகும். காகிதமும் துணியும் சுருங்கும். நெருப்பு அணைந்த பிறகு ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி விரியும். தினமும் இப்படிச் சுருங்கி விரிந்தால் எந்த இழையும் தளரும். கூடவே, மேலே எழும் சூடான காற்று நுண்ணிய கரியையும் சுமந்துகொண்டு போகும். காகிதத்திலாவது கரி மேலோடு நிற்கும். பூவேலைத் துணியில் நூல் முறுக்குக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். துவைத்தால் பழைய நூலின் சாயம் கரையலாம். அந்தத் துணிக்கு இரண்டாவது பிரதி கிடையாதே.

ஆகவே எதை வாங்குவதற்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வழக்கமாக மூட்டுகிற அளவுக்கு நெருப்பு மூட்டி, இரண்டு மணி நேரம் எரிய விடுங்கள். பிறகு பலகைக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். கையை எடுத்துவிடலாம் என்று தோன்றினால் அங்கே எதையும் மாட்டக் கூடாது. இதமாக இருந்தால், அறை வெப்பமானி ஒன்றை அதே இடத்தில் டேப்பால் ஒட்டி அளந்து பாருங்கள். 35 டிகிரிக்கு மேல் போனால் காகிதம், துணி, தைலவண்ண ஓவியம் மூன்றும் வேண்டாம் என்பது என் கணக்கு. உலோகம், பீங்கான், கல் எல்லாம் தாங்கும். பலகை நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சூட்டை முன்பக்கமாகத் திருப்பிவிடும், சுவருக்குச் சூடு குறையும். இரண்டு அங்குலம் மட்டும் வெளியே நீட்டிய பலகை அந்த வேலையைச் செய்யாது.

அடுப்பு வாய்க்கு மேலே கறுப்பாகத் தீற்றல் தெரிகிறதா? அப்படியானால் அலங்காரத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் புகைபோக்கியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஈர விறகும் காரணமாக இருக்கலாம். விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஏழு படமும் ஒட்டவே இல்லை என்கிறீர்கள். அறையிலேயே கனமான பொருள் கணப்புதான். கீழே அவ்வளவு பெரிய இருட்டு வாய், மேலே கையகலப் படங்கள். அவை மிதப்பதுபோலத்தான் தெரியும். அந்த இடம் ஒற்றைப் பொருளைக் கேட்கிறது. பலகையின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நான்கில் மூன்று பங்கு வரை இருந்தால் நன்றாக அமையும். உங்கள் ஐந்து அடிக்கு அது 40 முதல் 45 அங்குலம்.

உயரத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வெற்றிடத்தின் நட்டநடுவில் மாட்டிவிடுவார்கள். படம் பலகையை விட்டுப் பிரிந்து கூரையைப் பார்த்துப் போய்விடும். சாதாரணச் சுவரில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலம் வாக்கில் வரும்படி மாட்டுவோம். உங்கள் பலகையே 51 அங்குலம். அதாவது, மற்ற சுவரில் நடு வரவேண்டிய இடத்தில் இங்கே படத்தின் அடி விளிம்பு வரும். அதனால் எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துங்கள். பலகைக்கும் படத்துக்கும் நடுவே நாலைந்து அங்குலம் போதும். மேலே மிச்சமாகும் வெள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சரி, என்ன மாட்டுவது? உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு யோசனை மனதில் நிற்கிறது. அம்மாவின் துணியைப் படம் எடுத்து, மூன்று மடங்கு பெரிதாக்கி அங்கே மாட்டுங்கள். 14க்கு 10 அங்குலம், 42க்கு 30 ஆகும். உங்கள் பலகைக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது.

ஸ்கேனரில் வைக்காதீர்கள், பூவேலை நசுங்கிவிடும். துணியைத் தட்டையாக விரித்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, தாழ்வாகச் சாய்ந்து விழட்டும். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சின்ன நிழல் விழும். அந்த நிழல்தான் உயிர். 24 மெகாபிக்சல் கேமரா இருந்தால் இந்த அளவுக்கு அங்குலத்துக்கு 130 புள்ளிக்கு மேல் கிடைக்கும். ஆறேழு அடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அது தாராளம். அலுமினியத் தகட்டில் நேரடியாக அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். நெளியாது, கண்ணாடி வேண்டாம், பளபளப்பில்லாத பூச்சாக இருந்தால் விளக்கு பளிச்சிடாது, கரி படிந்தால் மெல்லிய துணியால் துடைத்துவிடலாம். அரை அங்குலத் தையல் ஒன்றரை அங்குலமாகத் தெரியும். எந்த இடத்தில் உங்கள் அம்மா நூலை முடித்துப் புது நூல் கோத்தார் என்பது கூடத் தெரியும். இதேபோல ஒருவருக்குச் செய்து கொடுத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அசல் துணியை, வெயில் நேராகப் படாத உள்சுவரில் கண்மட்டத்துக்கு மாட்டுங்கள்.

அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் செய்தித்தாள்களை ஒட்டி 42க்கு 30 அங்குலத்தில் வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் மூன்று நாள் ஒட்டி வையுங்கள். உட்கார்ந்து பாருங்கள், வாசலில் நின்று பாருங்கள், இரவு விளக்கில் பாருங்கள். கண் உறுத்தினால் இறக்குங்கள்.

வெள்ளைச் சுவரையும் ஒருமுறை யோசியுங்கள். வாஷிங்டன் ஃப்ரீயர் காட்சியகத்தில் 'மயில் அறை' என்று ஒன்று இருக்கிறது. முதலில் லண்டனில் ஒரு வீட்டின் சாப்பாட்டு அறையாக இருந்தது. கணப்புக்கு மேலே அமெரிக்க ஓவியர் விஸ்லர் வரைந்த 'பீங்கான் நாட்டு இளவரசி' தொங்குகிறது. படத்தோடு விடாமல் 1876, 77இல் அந்த அறையையே அவர் நீலப்பச்சையும் பொன்னுமாக மாற்றிவிட்டார். அவ்வளவு வேண்டாம். அம்மாவின் நூலில் ஆழமான நிறம் ஒன்றை எடுத்து, கணப்புச் சுவருக்கு மட்டும் அடியுங்கள். கழுவக்கூடிய பெயின்டாக இருக்கட்டும்.

ஆணி அடிப்பதில் கவனம். அந்தச் செங்கல்லுக்குப் பின்னால் புகைக்குழாய் ஓடுகிறது. இரண்டு அங்குலத்துக்கு மேல் துளை போகக் கூடாது. செங்கல்லைத் துளைக்காமல் சாந்து இடுக்கில் துளையுங்கள், பிளாஸ்டிக் பிளக்குக்குப் பதில் உலோக ஆங்கர் போடுங்கள். ஒற்றைக் கம்பியில் தொங்கவிடாமல் இரண்டு கொக்கியில் மாட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டிவி பற்றிக் கணவரிடம் இரண்டு எண்ணைச் சொல்லுங்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண் 40, 42 அங்குல உயரத்தில் இருக்கும். 55 அங்குல டிவியை அங்கே மாட்டினால் அதன் நடு கிட்டத்தட்ட 70 அங்குலத்தில் வரும். இரண்டு மணி நேரம் கழுத்தை அண்ணாந்து வைத்திருக்க வேண்டும். பல டிவிகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வெப்ப வரம்பு 40 டிகிரிதான். பக்கச் சுவர் அவருக்கும் நல்லது, டிவிக்கும் நல்லது.

கேள்வி: கணப்புக்கு மேலே கண்ணாடி மாட்டினால் அறை பெரிதாகத் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எதிரில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அவ்வளவு உயரத்தில் மாட்டிய கண்ணாடியில், உட்கார்ந்திருப்பவருக்குக் கூரைதான் தெரியும். எதிரே ஜன்னல் இருந்தால் தயங்காமல் மாட்டுங்கள், பகல் வெளிச்சம் கூடுதலாகத் தெரியும். மெழுகுவத்திக் காலத்தில் இந்த வழக்கம் வளர்ந்ததே வெளிச்சத்துக்காகத்தான். வாங்குவதற்கு முன், இரண்டு பேரைக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள்.

கேள்வி: உலர்ந்த பூச்சரமும் காகிதத் தோரணமும் பலகையில் தொங்கவிடலாமா?

பதில்: நெருப்பு மூட்டாத மாதங்களில் தாராளமாக. மூட்டுகிற நாட்களில் வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் கட்டட விதிகள், மரச்சட்டம் கூட அடுப்பு வாய்க்கு 6 அங்குலத்துக்குள் வரக் கூடாது என்கின்றன. காய்ந்த பூ அதைவிட எத்தனையோ மடங்கு சீக்கிரம் பற்றிக்கொள்ளும்.