மருந்தடிச்ச பூவ தேனீ ஒதுக்குமா?

கேள்வி: தென்னந்தோப்புல நாலு தேனீப் பெட்டி வச்சிருக்கேன் சார். பக்கத்துக் காட்டுக்காரர் பூசணிக்கு இமிடாகுளோபிரிட்ங்கிற பூச்சி மருந்து அடிக்கிறார். கேட்டா, "மருந்து இருக்கிற பூவ தேனீ மோந்து பாத்து ஒதுங்கிரும்"னு மருந்துக்கடையில சொன்னாங்களாம். நெசமா? (வாசகர், உடுமலை)

பதில்: ஒதுங்குறதா? இன்னும் ரெண்டு மடக்கு சேத்துக் குடிக்கும்ங்க! 2015ல இங்கிலாந்து நியூகாசில் யுனிவர்சிட்டி ஜெரால்டின் ரைட் டீம் இதத்தான் சோதிச்சாங்க, நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்துச்சு. தேனீயையும் அந்த ஊரு ரோமம் அடர்ந்த பம்பிள் தேனீயையும் டப்பாக்குள்ள விட்டு, ஒரு குழாய்ல வெறும் சர்க்கரைத் தண்ணி, இன்னொண்ணுல அதே தண்ணியில துளியூண்டு மருந்து, ஒரு நாள் பூரா எதுல வேணா குடின்னு விட்டுட்டாங்க. இமிடாகுளோபிரிட், அதே வகை மருந்தான தயமீதாக்சம் கலந்த குழாய்லதான் அதிகம் குடிச்சிருக்கு. அதே வகையில மூணாவது மருந்தான குளோத்தியானிடினுக்கு மட்டும் அந்த இழுப்பு இல்ல.

சரி, ருசியா இருந்துச்சோன்னு வாய்ப்பக்கத்து ருசி நரம்ப அளந்து பாத்தா ஒரு அசைவும் இல்ல, கசப்பும் தெரியல, இனிப்பும் கூடல. ருசியே தெரியாதப்போ ஒதுங்குறது எங்க? இந்த மருந்தெல்லாம் நிக்கோட்டின் வகையறா, மூளையில நிக்கோட்டின் போய் ஒட்டுற அதே இடத்துலதான் ஒட்டும், அந்தக் கிக்குதான் இழுக்குதோன்னு அவங்களுக்கு ஒரு சந்தேகம். பீடி இழுக்கிறவருக்கு இத நான் விளக்க வேண்டியதில்ல. கூத்து என்னன்னா, மருந்துக் குழாய தேடிப் போன தேனீங்க மொத்தமா சாப்பிட்டது கொறஞ்சுபோச்சு.

சாயங்காலமா அடிச்சா ஆச்சுன்னும் சொல்வாங்க. தேனீ மேல நேரா படாது, அவ்வளவுதான். இது செடிக்குள்ள ஊடுருவி சாறோட ஏறுற மருந்து, பூந்தேன்லயும் மகரந்தத்துலயும் வந்துரும். பூசணிப் பூ விடியக்காலம் விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள சுருங்கிரும், காலையில போய் ஆண் பூவுக்குள்ள எட்டிப் பாருங்க, தேனீ மஞ்சப்பொடியில பொரண்டு எந்திரிச்சு வரும், அத்தனையும் உங்க பெட்டிக்குத்தான் போகுது. ஐரோப்பாவுல 2018ல இந்த மூணு மருந்தையும் திறந்தவெளியில அடிக்கவே தடை போட்டாங்க.

பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. பூசணியில ஆண் பூ வேற பெண் பூ வேற, தேனீ வரலன்னா பிஞ்சு வெம்பி விழும், நட்டம் அவருக்குத்தான்னு சொல்லுங்க, மொட்டு வச்சதுல இருந்து இந்த மருந்த நிறுத்தச் சொல்லுங்க. கேக்கலன்னா ராத்திரி தேனீயெல்லாம் அடைஞ்சப்புறம் வாசல மூடி, பெட்டிய மூணு கிலோமீட்டராவது தள்ளிக் கொண்டுபோய் வச்சிருங்க, பூசணிப் பூ முடிஞ்சு கொண்டு வந்தா போதும்.